பூநாரைக்கு ஒரு விதி, ராக்கெட்டுக்கு ஒரு விதி

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் பழவேற்காட்டுக்குக் கேமராவோடு வருபவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினர் பனிக்காலத்தில் விடியற்காலையில் வந்து, ஆழமில்லாத உப்பங்கழியில் இரை தேடும் பூநாரைகளுக்காகக் காத்திருப்பார்கள். இன்னொரு வகையினருக்கு ஸ்ரீஹரிகோட்டாவின் ஏவுதல் அட்டவணைதான் நாட்காட்டி. ஏவுதளம் இருப்பது ஊருக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள், 30 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனாலும் ராக்கெட் மேலெழும்பினால் பழவேற்காட்டுக் கரையிலிருந்தே தெரியும். 2024 டிசம்பர் 30 அன்று இரவு 10 மணிக்கு, ஸ்பேடெக்ஸ் இரட்டைச் செயற்கைக்கோள்களோடு பி.எஸ்.எல்.வி. சி-60 கிளம்பியது அப்படிப்பட்ட ஓர் இரவு ஏவுதல்.

இரண்டு வகையினரின் தோளிலும் ஒரே கேமரா, ஒரே 400 மி.மீ. லென்ஸ் இருக்கலாம். லென்ஸின் பக்கவாட்டில் சிறிய விசை ஒன்று இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் ஆட்டோ ஃபோகஸ். மறுபக்கம் தள்ளினால் மேனுவல் ஃபோகஸ். பறவைக்காரர் அதை ஆட்டோவில் வைப்பார். ராக்கெட்காரர் மேனுவலுக்குத் தள்ளிவிடுவார். விண்வெளிக்குப் போகும் எந்திரத்தைப் படமெடுக்கத்தான் தானியங்கி வேண்டும், இயற்கையைப் படமெடுக்கக் கைப்பழக்கம் போதும் என்று தோன்றலாம். நடப்பது நேர்மாறு. கையால் ஃபோகஸ் செய்பவர் கலைஞர், தானியங்கியை நம்புபவர் சோம்பேறி என்ற பழைய வாதமும் இங்கே உதவாது. காரணம் ஒளியியலில் இருக்கிறது.

மில்லிமீட்டர் விளையாட்டு

ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளியை லென்ஸ் கூம்பாகக் குவிக்கிறது. கூம்பின் நுனி கேமராவின் உணரி மேல் சரியாக விழுந்தால் புள்ளி, புள்ளியாகவே பதியும். நுனி சற்று முன்னாலோ பின்னாலோ விழுந்தால் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சிறு வட்டம் பதியும். அந்த வட்டத்தின் விட்டம் 0.03 மி.மீ.க்குள் இருக்கும்வரை, வழக்கமான அளவில் அச்சிட்ட படத்தில் நம் கண் அதைப் புள்ளி என்றே எடுத்துக்கொள்ளும். முழுச்சட்டகக் கேமராவுக்கு நெடுநாளாகப் புழங்கும் கணக்கு இது. அதற்கு மேல் போனால் படம் 'அவுட் ஆஃப் ஃபோகஸ்'.

பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து நுனி விழும் இடம் மாறும். 400 மி.மீ. லென்ஸில், 50 மீட்டர் தொலைவில் நிற்கும் பறவையின் பிம்பம் லென்ஸிலிருந்து 403.2 மி.மீ. தள்ளி விழுகிறது. அதே பறவை 40 மீட்டருக்கு வந்தால் 404 மி.மீ. பத்து மீட்டர் நெருங்கியதற்கு 0.8 மி.மீ. நகர்வு. ஆனால் 30 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ராக்கெட்டின் பிம்பம் 400 மி.மீ.யைத் தாண்டுவது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்குதான். எண்ணிப்பார்க்க முடியாத தொலைவில் இருக்கும் விண்மீனுக்கும் இந்த ராக்கெட்டுக்கும் லென்ஸின் பார்வையில் வேறுபாடே கிடையாது.

ராக்கெட் மணிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தை எட்டினாலும் அதற்காக லென்ஸ் அசைய வேண்டியதில்லை. நிதானமாகச் சிறகடித்து வரும் பூநாரைக்கோ லென்ஸ் நொடிதோறும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். பொருள் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது ஃபோகஸுக்குப் பொருட்டல்ல. அது நமக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, அந்தத் தூரம் எவ்வளவு மாறுகிறது என்பதே பொருட்டு.

உயிர்களும் இந்தச் சிக்கலை வெவ்வேறு வழிகளில் தீர்த்திருக்கின்றன. நம் கண்ணுக்குள் இருக்கும் வில்லை நகர்வதில்லை; சுற்றியுள்ள தசை இயங்க, அதன் வளைவு கூடிக் குறைகிறது. வயதாக ஆக அது இறுகி, நாற்பதையொட்டி வெள்ளெழுத்து வருகிறது. எலும்பு மீன்களின் வில்லையோ ஏறத்தாழ உருண்டை, வளைவதில்லை. மீன் அதை முன்னும் பின்னும் நகர்த்தி ஃபோகஸ் செய்கிறது. கேமரா லென்ஸ் வேலை செய்யும் விதம் மனிதக் கண்ணைவிட பழவேற்காட்டு ஏரியின் மடவை மீன் கண்ணுக்கே நெருக்கமானது.

கேமரா எப்படித் தூரம் பார்க்கிறது?

1982இல் வந்த நிகான் எஃப்எம்2 போன்ற ஃபிலிம் கேமராவில் கண் வைத்துப் பார்த்தவர்களுக்கு நடுவிலிருந்த சிறு வட்டம் நினைவிருக்கும். வட்டத்தைக் குறுக்கே ஒரு கோடு இரண்டாகப் பிளக்கும். ஃபோகஸ் தவறினால் எதிரில் நிற்பவரின் முகம் மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்பாதி மறுபக்கமுமாக விலகி நிற்கும். வளையத்தைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி, ஒன்றாகச் சேர்ந்ததும் ஷட்டரை அழுத்துவார்கள். அந்த வட்டத்துக்குள் இரண்டு சிறு பட்டகங்கள் இருந்தன. ஒன்று லென்ஸின் ஒரு பக்க ஓரத்து ஒளியையும் மற்றது எதிர்ப்பக்க ஓரத்து ஒளியையும் எடுத்துக்கொண்டன. ஃபோகஸ் சரியாக இருக்கையில் இரு ஓரங்களிலிருந்து வரும் ஒளியும் ஒரே இடத்தில் கூடும்; தவறினால் பிரிந்து விழும்.

இன்றைய வேகமான ஆட்டோ ஃபோகஸின் உயிர்நாடியும் இதே கொள்கைதான். இரண்டு பிம்பங்களும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை அன்று மனிதக் கண் பார்த்தது. இன்று ஒளியுணரிகளின் வரிசை அளக்கிறது. விலகல் எந்தப் பக்கம் என்பதிலிருந்து லென்ஸ் எந்தத் திசையில் நகர வேண்டும் என்பதும், விலகலின் அளவிலிருந்து எவ்வளவு நகர வேண்டும் என்பதும் ஒரே அளவீட்டில் கிடைத்துவிடும். இதற்குக் கட்ட வேறுபாட்டு முறை என்று பெயர். 1985இல் வந்த மினோல்ட்டா 7000, ஃபோகஸ் மோட்டாரைக் கேமரா உடலுக்குள்ளேயே வைத்து இந்த முறையை ஊரறியச் செய்தது. இந்தத் தொழில்நுட்பத்தின் காப்புரிமைக்காக ஹனிவெல் நிறுவனம் தொடுத்த வழக்கில், 1992இல் மினோல்ட்டா 12 கோடி டாலருக்கும் மேல் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. 2013இல் கேனன் இ.ஓ.எஸ். 70டி, படம் பதியும் உணரியின் ஒவ்வொரு பிக்சலையும் இரு பாதிகளாக்கி, அவற்றையே இந்த அளவீட்டுக்கும் பயன்படுத்தியது.

இன்னொரு முறையும் உண்டு. லென்ஸைக் கொஞ்சம் நகர்த்து. படத்தின் கருமை வெண்மை விளிம்புகள் கூர்மையாகின்றனவா பார். கூடினால் தொடர்ந்து போ, குறைந்தால் திரும்பி வா. பழைய வானொலிப் பெட்டியில் நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டுப் பின் திரும்பி வந்து பிடிப்பது போன்றது இந்த மாறுபாட்டு முறை. துல்லியமானது, ஆனால் எந்தப் பக்கம் போவது என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டு முறைகளுக்கும் பொதுவான தேவை ஒன்று இருக்கிறது. விளிம்பு வேண்டும். வெளிச்சமும் இருளும் சந்திக்கும் ஒரு கோடு இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இல்லை. வெறும் வானத்தின் முன்னும் மூடுபனியின் முன்னும் உலகின் மிக விலையுயர்ந்த கேமராவும் லென்ஸை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டிப் பார்த்துத் தவிக்கும். புகைப்படக்காரர்கள் இதை 'ஹன்டிங்' என்பார்கள்.

பூநாரை வரும் வேகம்

பூநாரை பறக்கும்போது மணிக்கு 50 கிலோமீட்டரை எட்டும். நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். அது 30 மீட்டர் தொலைவில் நம்மை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 400 மி.மீ. லென்ஸ், துளை எஃப் 5.6. மேலே சொன்ன 0.03 மி.மீ. கணக்கின்படி கூர்மையாகத் தெரியும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்து இரண்டு மீட்டருக்கும் சற்றுக் குறைவு. அந்த இடைவெளியைப் பறவை நொடியில் ஏழில் ஒரு பங்குக்குள் கடந்துவிடும். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் வளையத்தைத் திருகுவதற்கே அதைவிட நேரமாகும். இன்றைய கேமராக்களின் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும் நம் வழக்கத்துக்கு இந்தக் கணக்கே அளவுக்கு மீறித் தாராளம். பறவையின் கண் கூர்மையாக வேண்டுமென்றால் கையில் இருப்பது சில பத்து சென்டிமீட்டர்கள்தான்.

கேமரா இங்கே தூரத்தை அளப்பதோடு நிற்பதில்லை. முந்தைய அளவுகளை வைத்து, ஷட்டர் திறக்கும் கணத்தில் பறவை எங்கே இருக்கும் என்று கணித்து, லென்ஸை முன்கூட்டியே அங்கே கொண்டுபோய் வைக்கிறது. நொடிக்குப் பலமுறை இதைச் செய்கிறது. தூரம் தொடர்ந்து மாறுகிறது, எப்படி மாறும் என்பது நமக்கு முன்கூட்டித் தெரியாது என்ற நிலையில் கை தோற்பதில் வெட்கமில்லை.

அப்படியென்றால் தானியங்கி இல்லாத காலத்தில் காட்டுயிர்ப் படங்கள் எப்படி வந்தன? சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) யானைகளையும் பறவைகளையும் கறுப்பு வெள்ளையில், வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கேமராவால் எடுத்தார். விலங்கின் நடத்தையை நன்கறிந்தவருக்கு அது அடுத்து எங்கே வரும் என்று ஓரளவு தெரியும். கேமரா இன்று கணக்குப் போட்டுச் செய்யும் கணிப்பை அந்தத் தலைமுறை பல ஆண்டுப் பழக்கத்தால் செய்தது. விலங்கு மேயும்போதும் நிற்கும்போதும் அது போதுமானது. நேராக முகத்தை நோக்கிப் பறந்து வரும் பறவை வேறு கதை.

பழவேற்காட்டில் ஆட்டோ ஃபோகஸ் கைவிடும் இடங்களும் உண்டு. பறவைக்கு முன்னால் நாணல் இருந்தால் கேமரா நாணலைப் பிடித்துக்கொள்ளும். நீரில் நட்ட கம்புகளில் கட்டிய வலை, தெளிவான விளிம்புகள் நிறைந்தது; உணரிக்கு அதைவிட இனிய இலக்கு இல்லை. நண்பகலில் சேற்றுப் பரப்பு சூடேறிக் கானல் எழும்பினால் கையும் உதவாது, எந்திரமும் உதவாது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால் காற்றே ஆயிரம் கோணல் லென்ஸ்களாக மாறிவிடுகிறது. அதற்கு மருந்து, காலையில் சீக்கிரம் வருவதும் பறவைக்கு அருகில் இருப்பதும்தான்.

விண்மீனைப் பிடித்து ராக்கெட்டுக்குக் காத்திருத்தல்

இரவு ஏவுதலில் நிலைமை தலைகீழ். இறங்குமுக எண்ணிக்கை முடியும்வரை அடிவானத்தில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, இருட்டு. கிளம்பிய பிறகு தெரிவதோ கண்ணைக் கூசவைக்கும் ஒளிப்பிழம்பு. அதன் நடுவில் விளிம்பே இல்லை. உணரி நிரம்பி வழிகிறது. ஷட்டரை அழுத்தும்போதெல்லாம் கேமரா மறுபடி ஃபோகஸ் தேடத் தொடங்கினால், கிடைக்கும் சில நிமிடங்களும் தேடலிலேயே கழிந்துவிடும்.

ஆனால் இங்கே நமக்கு ஒன்று உறுதியாகத் தெரியும்: தூரம். விண்மீனும் ராக்கெட்டும் லென்ஸுக்கு ஒன்றே என்று பார்த்தோம். ஆகவே ஏவுதலுக்கு முன்பே பிரகாசமான விண்மீனையோ தொலைவிலுள்ள விளக்கையோ திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தைக் கையால் திருகி, அங்கேயே விட்டுவிடுவது வழக்கம். சிலர் வளையத்தின்மேல் டேப் ஒட்டிவிடுவார்கள்.

வளையத்தை அதன் கடைசிவரை திருகிவிட்டால் அதுதான் முடிவிலி என்று பலரும் நினைக்கிறார்கள். தொலைநோக்கு லென்ஸ்கள் பலவற்றில் வளையம் முடிவிலியைத் தாண்டியும் கொஞ்சம் போகும். வெப்பத்தில் உலோகமும் கண்ணாடியும் விரிந்து சுருங்குவதால் முடிவிலியின் இடம் சற்று மாறும். ஆட்டோ ஃபோகஸுக்கும் தாண்டிப்போய்த் திரும்ப இடம் வேண்டும். அதற்காகத் தயாரிப்பாளர்களே விட்ட இடைவெளி அது. பகலில் சரிபார்த்த ஃபோகஸைக் கடற்காற்று குளிர்ந்த பிறகு மறுபடி பார்ப்பது நல்லது. இன்னொரு சிக்கலும் உண்டு. மிரர்லெஸ் கேமராக்களின் லென்ஸ்கள் பலவற்றில் வளையத்துக்கும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பே இல்லை. வளையம் சுழல்வதை மின்னணு அளந்து மோட்டாருக்குச் சொல்கிறது. மோட்டார்தான் கண்ணாடியை நகர்த்துகிறது. கையால் செய்கிறோம் என்று நாம் நினைக்கும் ஃபோகஸும் மோட்டார் வழியாகவே நடக்கிறது. சில மாடல்களில் கேமரா அணைந்தாலோ உறங்கிவிட்டாலோ லென்ஸ் தான் நின்ற இடத்தை மறந்துவிடும். எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும்போது கேமராவைத் தூங்கவிடக் கூடாது.

ராக்கெட்டின் முழு வளைவையும் ஒரே படத்தில், முன்னால் கரையேற்றிய படகோடு எடுக்க நினைப்பவருக்குக் கணக்கு இன்னும் எளிது. 24 மி.மீ. அகல லென்ஸில், எஃப் 8 துளையில், சுமார் இரண்டரை மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால் ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டரிலிருந்து வானத்து விண்மீன்வரை எல்லாமே கூர்மை எல்லைக்குள் வந்துவிடும். இதை ஹைப்பர்ஃபோகல் தூரம் என்பார்கள். அதே கணக்கை 400 மி.மீ. லென்ஸுக்கு எஃப் 5.6இல் போட்டால் விடை 950 மீட்டர். லென்ஸின் குவியத் தூரம் இரண்டு மடங்கானால் இந்தத் தூரம் நான்கு மடங்காகும். கைபேசியின் பிரதான கேமராவில் ஃபோகஸ் பற்றிப் பெரும்பாலானோர் கவலைப்படாததற்கும் காரணம் இதுவே. அந்தச் சிறு லென்ஸின் உண்மையான குவியத் தூரம் சில மில்லிமீட்டர்கள்தான்.

தண்டவாளமும் கன்வேயர் பெல்ட்டும்

பறவை, ராக்கெட் இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையும் உண்டு: பொருள் ஓடுகிறது, ஆனால் எங்கே வரும் என்பது தெரியும். சென்னை – கூடூர் இருப்புப் பாதையில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி விரையும் ரயில் தண்டவாளத்தை விட்டு விலகப்போவதில்லை. ரயில்வே எல்லைக்கு வெளியே நிற்கும் படக்காரர் பாதையோரக் கம்பம் ஒன்றின்மேல் கையால் ஃபோகஸைப் பொருத்திவிட்டு, எஞ்சினின் முகம் அந்தக் கம்பத்துக்கு வரும் கணத்தில் ஷட்டரை அழுத்தினால் போதும். வேகத்தைத் துரத்தாமல் இடத்தில் காத்திருக்கும் இந்த உத்தி, ஆட்டோ ஃபோகஸுக்கு முன்பு விளையாட்டுப் படக்காரர்களின் அன்றாடப் பிழைப்பாக இருந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழில் வளாகங்களின் உலகம் இதே தர்க்கத்தைக் கடைசிவரை கொண்டுபோகிறது. உற்பத்தி வரிசையில் பொருளின் அளவையும் கீறலையும் சோதிக்கும் கேமராக்களில் பெரும்பாலும் ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. லென்ஸின் வளையத்தைக் கையால் ஒருமுறை பொருத்தி, பக்கத்திலுள்ள சிறு திருகாணியை இறுக்கிப் பூட்டிவிடுவார்கள். எந்திர அதிர்வில் அது அசையக் கூடாது. பெல்ட்டில் வரும் பொருள் எப்போதும் ஒரே தூரத்தில்தான் வரும். அதைவிட முக்கியமான காரணமும் உண்டு. ஃபோகஸ் நகர்ந்தால் பல லென்ஸ்களில் பிம்பத்தின் அளவும் சற்று மாறும். நேற்று 20 மி.மீ. என்று அளந்த துண்டை இன்று வேறு அளவு என்று கேமரா சொன்னால் சோதனைக்கே அர்த்தமில்லை. எந்திரங்கள் நிறைந்த இடத்தில், எந்திரத்தனமான துல்லியத்துக்காகவே மேனுவல் ஃபோகஸ் வேண்டியிருக்கிறது.

பொதிகளைப் பிரிக்கும் கிடங்கில் இது செல்லாது. உயரமான பெட்டி, தட்டையான உறை என்று மாறி மாறி வரும். பார்கோடு ஒவ்வொரு முறையும் வேறு உயரத்தில் இருக்கும். அங்குள்ள பார்கோடு வாசிப்பான்கள் சிலவற்றில் திரவ லென்ஸ் பயன்படுகிறது. எண்ணெயும் நீரும் சந்திக்கும் பரப்பின் வளைவை மின்னழுத்தத்தால் மாற்றி, நொடியில் நூறில் சில பங்குக்குள் ஃபோகஸை மாற்றிவிடும். கண்ணாடியை நகர்த்தும் மீனின் வழியை விட்டு, வளைவை மாற்றும் மனிதக் கண்ணின் வழிக்கு வந்த கருவி அது.

எவ்வளவு தூரம் என்பது பாதிக் கேள்வி

இதுவரை பேசிய எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றே: தூரம் யாருக்கு நன்றாகத் தெரியும்? ராக்கெட்டிலும் ரயிலிலும் சோதனை மேடையிலும் தூரம் நமக்கு முன்பே தெரியும், ஆகவே கை. பறவையிலும் பொதியிலும் அது கணந்தோறும் மாறும், ஆகவே எந்திரம். ஆனால் ஃபோகஸுக்கு இன்னொரு பாதி உண்டு. எவ்வளவு தூரத்துக்கு என்று கேட்பதற்கு முன் எதன்மேல் என்று முடிவாக வேண்டும். நாணலைப் பிடித்த கேமரா தூரத்தைத் தவறாக அளக்கவில்லை. நாணல் இருந்த இடத்தை மிகச் சரியாகவே அளந்தது. நமக்கு வேண்டியது அது இல்லை என்பது மட்டும் அதற்குத் தெரியவில்லை.

கேமரா இந்தப் பாதியையும் கற்கத் தொடங்கிவிட்டது. 2020இல் கேனன் ஆர்5, 2021இல் சோனி ஆல்ஃபா 1 ஆகியவை, ஏராளமான படங்களைக் காட்டிப் பயிற்றுவித்த மென்பொருளால் காட்சிக்குள் பறவையை அடையாளம் கண்டு, அதன் கண்ணையே தேடிப் பிடிக்கின்றன. முன்பெல்லாம் படக்காரர் ஃபோகஸ் புள்ளியைப் பறவையின் தலைமேல் வைத்திருக்கவே பாடுபடுவார். இப்போது அது கேமராவின் வேலை. அவர் சட்டகத்தையும் ஒளியையும் கவனிக்கலாம்.

ஆனாலும் சினிமாப் படப்பிடிப்பில் இன்றும் ஃபோகஸ் புல்லர் என்றொருவர் இருக்கிறார். நடிகர் நிற்கும் இடத்துக்கும் கேமராவுக்கும் நடுவே டேப் பிடித்து அளந்து, குறித்துக்கொண்டு, காட்சி ஓடும்போது வளையத்தைக் கையால் திருப்புவார். பேசுபவரின் முகத்திலிருந்து கேட்பவரின் முகத்துக்குக் கூர்மை எந்தச் சொல்லில் மாற வேண்டும், எவ்வளவு மெதுவாக மாற வேண்டும் என்பது கதையைச் சேர்ந்த முடிவு. அதை உணரி அளந்து சொல்ல முடியாது.

பழவேற்காட்டிலேயே இதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. ஆழமில்லாத நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கும் பெண்களை இங்கே பார்க்கலாம். பிடித்த இறாலைப் போட ஓலைப் பறியை வாயில் கவ்வியிருப்பார்கள்; இரண்டு கைகளும் வேலையில் இருக்கும். இந்தக் காட்சியை நோக்கிக் கேமராவைத் திருப்பினால் அது உடனே முகத்தைக் கண்டுபிடித்துக் கண்மேல் கட்டம் போடும். அதற்குக் கொடுத்த பயிற்சி அப்படி. பெரும்பாலான படங்களுக்கு அது சரியும்கூட. ஆனால் அந்தப் பெண்களின் தொழில் முழுவதும் விரல்நுனியில் நடக்கிறது. கலங்கிய நீருக்குள் கண்ணால் பார்க்க முடியாததை விரல் பார்க்கிறது. அந்தத் திறமையைப் படமாக்க நினைப்பவர் முகத்திலிருந்து கூர்மையை எடுத்து, நீரிலிருந்து வெளிவரும் கைக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு ஃபோகஸ் புள்ளியைத் தானே நகர்த்தலாம், அல்லது கண் கண்டறிதலை அணைத்துவிட்டு வளையத்தைத் திருகலாம். எந்த வழியானாலும் சரி. கேமரா தானாகத் தேர்ந்ததை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருந்தால், அதன்பின் தூரத்தை அளக்கும் வேலையைத் தாராளமாக அதனிடமே விடலாம்.